மேருவில் எரிந்த யந்தி

என்னை ஒரு முறை எரித்துவிட்டார்கள். பட்டப்பகலில், மேரு என்ற ஊரில், ஒரு பெரிய வீட்டுக்கு எதிரே இருந்த திடலில். நான் எரிவதை நானே நின்று பார்த்தேன், கையில் சோயா பால் பாக்கெட்டோடு. (துக்க வீட்டில் கொடுத்தார்கள். வெயில் வேறு. குடித்தேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். கீழே கடைகள், மேலே வாடகை அறைகள். முதல் மாடியில் பங்களாதேஷ்காரர்கள், இரண்டாவதில் மியன்மார் குடும்பங்கள், மூன்றாவதில் நேப்பாள காவலாளிகள், உச்சியில் நாங்கள். அங்கே யாருமே நிரந்தரமாக இருக்க வந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. குடியிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று ஆறு மாதத்துக்காக வந்த நாங்களும் பதினோராவது வருஷத்தில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். ஜோகூருக்குப் போனால் இரண்டு நாள் கழித்துதான் முகம் தெரியும். அம்மா சுபாங் ஜெயாவில் இரண்டு பங்களாக்களில் வீட்டு வேலை பார்த்தார்.

கீழே லிம் அங்கிளின் கடை. சீனர்கள் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதச் சாமான்கள் செய்வார். இங்கே எரித்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடுமாம். மூன்று மாடி வீடு, கார், கைப்பேசி, எல்லாம் காகிதம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இரண்டடி உயர வேலைக்காரப் பொம்மைகள். கருவிழியைக் கடைசியில்தான் வைப்பார்கள். வைக்காத பொம்மைகள் வெள்ளை விழியோடு தெருவைப் பார்த்து நிற்கும். வைத்த பொம்மைகள் என்னைப் பார்த்து நிற்கும். நான் அந்தக் கடையை ஓடித்தான் கடப்பேன்.

அங்கிளின் மகன் வெய் ஹான். முகம் வரைவது அவன் வேலை. பக்கத்து மினிமார்க்கெட்டில் நான் கேஷியர். ஒரு நாள் ஒரே ஒரு பேட்டரி வாங்கினான்.

"டார்ச் லைட்டுக்கு ரெண்டு வேணுமே?" என்றேன்.

"தெரியும். இன்னொண்ணு சாயந்திரம் வாங்குவேன்."

காதல் அப்படித்தான் ஆரம்பித்தது, சில்லறை வியாபாரமாக. பேச்சு மலாயில், சண்டை மூன்று மொழியிலும். யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. எங்கள் மாடித் தமிழ்ப் பெண் ஒருத்தி நேப்பாளப் பையனோடு போனதிலிருந்து அம்மா அந்த நாட்டின் பெயரையே சொல்வதில்லை. "அந்த ஊரு" என்பார். லிம் அங்கிளின் வீட்டிலோ, மலாய்க்காரரைக் கட்டிக்கொண்ட ஒரு அத்தையின் படத்தைச் சுவரிலிருந்தே இறக்கிவிட்டார்கள்.

இந்த நிலைமையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"செத்தவங்களுக்கெல்லாம் முகம் வரையற. உயிரோட இருக்கறவளுக்கு ஒண்ணு வரைஞ்சியா?"

வரைந்தான். என் பிறந்தநாளுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து, இரண்டடியில் என்னையே செய்திருக்கிறான். கறுப்புக் காகிதத்தில் பின்னல், மூக்குத்தி, பொட்டு, மஞ்சள் காலர் வைத்த மினிமார்க்கெட் யூனிஃபார்ம். பின்கட்டில் மறைத்து வைத்து, தன் அப்பா தெரியாமல் விற்றுவிடப் போகிறார் என்று கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டிச் சீனத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறான். தமயந்தி என்ற பெயர் அவன் நாக்கில் ஏறாது. "யந்தி."

பெயர் எழுதினால் விற்பனைக்கு இல்லை என்று அப்பா புரிந்துகொள்வார் என்பது அவன் கணக்கு. பெயர் எழுதியாயிற்று, அனுப்பலாம் என்று அப்பா புரிந்துகொண்டார். வேலைக்காரப் பொம்மைகளுக்குப் பெயர் சூட்டித்தான் அனுப்புவார்களாம். பெயர் இல்லாவிட்டால் இறந்தவர் எப்படிக் கூப்பிடுவார்?

சனிக்கிழமை மதியம் பரிசு வாங்கப் போன என்னைக் காலியான மூலையும் வெய் ஹானின் வெளிறிய முகமும்தான் வரவேற்றன.

"நீ மேருவுக்குப் போயிட்ட," என்றான்.

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

மேருவில் பெரிய வீடு, பெரிய கூடாரம். இறந்தவர் தொண்ணூறு வயதுப் பாட்டி. திடலில் காகித மாளிகை தயாராக இருந்தது. அதன் வாசலில் நான் நின்றேன். பின்னல் சரி, பொட்டு சரி, சிரிக்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் கோணும் என் உதடும் சரி. கருவிழியை இரண்டு புள்ளியாக அவ்வளவு நன்றாக வைத்திருந்தான். காற்றில் மற்றப் பொம்மைகள் ஆடின. அது ஆடாமல், வந்துவிட்டாயா என்பதுபோல என்னைப் பார்த்தது.

எடுத்துக்கொண்டு ஓடிவிடுவதுதான் என் திட்டம். (திட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேன். அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை.) இரண்டடி தூரம் வரை போய்விட்டேன். அதற்குள் கூடாரத்தில் பேச்சு நின்றது. ஒரே முகம், ஒரே உடுப்பு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. வெள்ளை உடுத்த ஒரு அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாட்டியின் மூத்த மகள்.

"அம்மா கடைசி மூணு நாளா உன்னத்தான் கேட்டாங்க," என்றார் மலாயில். "மூக்குத்தி போட்ட இந்தியப் பொண்ணு எங்க, தண்ணி கொண்டு வந்து குடுத்தாளே, அவ எங்கன்னு. வீட்டுல அப்படி யாருமே இல்ல. இன்னிக்கு இந்தப் பொம்ம வந்து இறங்கினதும் எங்களுக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு."

எனக்கும் சிலிர்த்தது. ஆஸ்பத்திரியில் மூக்குத்தி போட்ட தமிழ் நர்ஸ் யாராவது இருந்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பாட்டி ஆஸ்பத்திரிக்கே போகவில்லையாம்.

இதற்குப் பிறகு பொம்மையைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்? என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் சிவப்பு நூலும் சோயா பாலும் கொடுத்தார்கள். பூசாரி மணியை ஆட்டி மந்திரம் சொல்லத் தொடங்கினார். வீட்டின் பெயர், காரின் எண், பிறகு வேலைக்காரர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். முதலாவது ஏதோ ஒரு பெயர். இரண்டாவது ஏதோ ஒரு பெயர்.

"யந்தி!"

"ஆ, வரேன்!" என்றேன்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். அம்மா கூப்பிட்டுப் பாதிப் பெயர் காதில் விழுந்தாலும் ஒரே நொடியில் பதில் வரவேண்டும், இல்லையென்றால் அகப்பை வரும். பூசாரியின் கையிலிருந்து மணி விழுந்தது. பாட்டியின் பேரன்கள் இரண்டு வரிசை பின்னால் நகர்ந்தார்கள். வெய் ஹான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூத்த மகள் மட்டும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

பிறகு தீ வைத்தார்கள். மாளிகையின் கூரை முதலில் போனது. கடைசி வரை நின்றது அந்தப் பொம்மைதான். பின்னல் பற்றியது, காலர் பற்றியது, பிறகு யாரோ உள்ளே கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பி வீட்டுக்குள் விழுந்தது.

வீட்டில் மூச்சுவிடவில்லை. மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் போன பிறகுதான் விஷயம் ஆரம்பித்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது காதுக்குள் மணி கேட்கும். நிமிர்ந்தால் கடையில் ஆள் இருக்காது. ஒரு நாள் சாயந்திரம் நாலு மணிக்கு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாருக்குடி தண்ணி?"

வாசலில் நின்றிருந்தேன். கையில் ஒரு டம்ளர் வெந்நீர். அடுப்பை எப்போது பற்ற வைத்தேன், எப்போது நடந்து வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. மறுநாளும் அதே நாலு மணி, அதே வாசல், அதே டம்ளர். அம்மா கதவைப் பூட்டிவிட்டு என்னை உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீனப் பையன் என்றதும் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"வேலைக்காரியாவா அனுப்பினாங்க? நான் ஊரான் வீட்டுப் பாத்திரத்த தேய்க்கிறது பத்தாதா? செத்த பிறகும் என் பொண்ணு ஒரு தவுக்கே முதலாளி வீட்டுல துணி தோய்க்கணுமா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு மாடி இறங்கியதை மூன்று நாட்டுக்காரர்களும் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

லிம் அங்கிள் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்து, கை கழுவி, நாற்காலி போட்டார். முழுவதும் கேட்டார். "பேர் சொன்னதும் பதில் சொல்லிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் மகனைப் பார்த்த பார்வையில் பசை காய்ந்திருக்கும்.

"அக்கா, போனது போனதுதான். திருப்பி வாங்க முடியாது," என்றார் மலாயில். "ஆனா வேலைய விடலாம் லா. யாரும் வேலைய விடலாம். லெட்டர் எழுதுவோம்."

"எத்தன வருஷ காண்ட்ராக்ட்?" என்றார் அம்மா.

"காண்ட்ராக்ட் இல்ல அக்கா. அது... நிரந்தரம்."

"இருபத்து நாலு மணி நேரத்துல விடணும்."

"பெரிய இடம் அக்கா. ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கறதுதான் மரியாதை."

"ஏற்கனவே ஒரு வாரம் பாத்துட்டா. அதக் கழிங்க."

கடைசியில் மூன்று நாள் என்று முடிந்தது. அங்கிள் சிவப்புக் காகிதத்தில் தூரிகையால் எழுதினார்: தவறுதலாக அனுப்பப்பட்ட இந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், தாய்க்கு ஒரே மகள், மன்னித்து விடுவிக்கவும். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பதிலாக இரண்டு புதுப் பணிப்பெண் பொம்மைகள் என்றார் அங்கிள். அம்மா அந்தப் பொம்மைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துணியெல்லாம் இவங்க கையாலயா தோய்க்கணும்?"

அங்கிள் உள்ளே போய் ஒரு காகித வாஷிங் மெஷின் கொண்டு வந்தார்.

"ஞாயித்துக்கிழம லீவுன்னும் எழுதுங்க."

எழுதினார். அம்மாவுக்கு சுபாங் ஜெயாவில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு.

கடை வாசலில் தகர டின்னில் எல்லாவற்றையும் எரித்தோம். சாம்பல் மேலே போவதைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அது சரி தவுக்கே. உங்க பையன் எதுக்கு என் பொண்ணு முகத்த வரையணும்?"

 அங்கிள் டின்னைக் குச்சியால் கிளறினார்.

"ரெண்டு வருஷமா முகம் வரையறான். எல்லாம் மீன் மாதிரி இருக்கும். இது ஒண்ணுதான் மனுஷ முகமா வந்துச்சு. நானும் ஏன்னு யோசிச்சேன்." குச்சியைக் கீழே போட்டார். "முழுசா யோசிக்காம அனுப்பியிருக்கக் கூடாது."

அம்மா வெய் ஹானைப் பார்த்தார். "காகிதத்துலயே என் பொண்ண வேலைக்காரியா நிக்க வச்ச. நெசத்துல எப்படி வச்சுக்குவ?"

அவன் எனக்குத் தெரிந்தவரை முதல்முறையாக முழுத் தமிழ் வாக்கியம் ஒன்று சொன்னான்: "துணி நான் தோய்ப்பேன், ஆன்டி."

அன்றைக்கு யாரும் சம்மதம் சொல்லிவிடவில்லை. அதற்கு மூன்று வருஷம் ஆனது. அப்பாவுக்கு விஷயம் தெரிவதற்கே அதில் ஒரு வருஷம். ஆனால் மூன்றாம் நாளோடு மணிச் சத்தம் நின்றது, நாலு மணிக்கு நான் நானாக இருந்தேன்.

இப்போது செமினியில் இருக்கிறோம். இரண்டு மகள்கள். துணி அவன்தான் தோய்க்கிறான். அம்மா எங்களோடு இருக்கிறார், அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவார். எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு: முதல் தடவை கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டால், அதுவும் தெரிந்த குரலாக இருந்தால், பதில் சொல்லலாம். விருந்தாளிகள் எங்கள் எல்லோருக்கும் காது மந்தம் என்று நினைக்கிறார்கள். மகள்கள் பள்ளியில் வருகைப் பதிவின்போது திட்டு வாங்குகிறார்கள்.

போன தீபாவளி மதியம் அங்கிள் உட்பட எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து "யந்தி" என்று ஒரு குரல். கூப்பிடக்கூடிய அத்தனை பேரும் என் கண்ணெதிரேதான் இருந்தார்கள். வெய் ஹான் வாயிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் நிறுத்தினான்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார்: "அவ வேலைய விட்டுட்டா!"

"லெட்டரும் குடுத்தாச்சு!" என்றார் லிம் அங்கிள்.