முதல் நாற்பது விநாடி

போனோ ப்ரீஆம்ப் ஒப்பிடுபவர் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டதில்லையா? பாக்கியசாலி. இசைத்தட்டில் ஊசி உரசும்போது பிறக்கும் ஒலி மிக மெலிது. அதைத் தேற்றித் தெம்பாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவைக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். மற்றவர்களுக்கு ஒன்று போதும். நம்மவரிடம் மூன்று இருக்கின்றன, நான்காவது வந்துகொண்டிருக்கிறது. விலையைச் சொன்னால் நீங்கள் தண்ணீர் கேட்பீர்கள், விட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்தவரை அளந்து போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தும்மல் வருவதானால் இப்போதே தும்மிவிடச் சொல்லி, ஒரு பாட்டைச் சரியாக நாற்பது விநாடி ஓடவிட்டு, ஊசியைத் தூக்கி, வயரை அடுத்த பெட்டிக்கு மாற்றி, அதே நாற்பது விநாடியை மறுபடி ஓடவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உங்கள் முகத்தைப் பார்ப்பார். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் காதுக்காக இரங்குவார். தெரிகிறது என்றால் தொலைந்தீர்கள், மூன்றாவது பெட்டியும் உண்டு. ஒன்றில் மேடை அகலமாம், இன்னொன்றில் மௌனம் இன்னும் கறுப்பாம். பாட்டு எப்படி? அந்தக் கேள்வி அவருக்குப் புரியாது.

ஒப்பீடு நியாயமாக நடக்கத் தட்டு மாறக்கூடாதாம். பத்து மாதமாக ஒரே தட்டு. அது அவர் மனைவியுடையது. அவளுடைய அப்பா வயலின்காரர். போன வருடம் காலமானார். அவர் வாசித்ததில் பதிவாகி மிஞ்சியிருப்பது இந்தப் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு முன்னால் வரும் ஒரு துண்டுதான். அதுவோ மூன்றாவது நிமிடத்தில் இருக்கிறது. ஊசியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை.

"இன்னைக்கு ஒரு தடவை கடைசி வரைக்கும் விடுங்களேன்" என்று அவள் கேட்காத ஞாயிறு இல்லை.

"அந்த இடத்துல சோதிக்க ஒண்ணும் இல்லம்மா."

மாமனாரைத்தான் சொல்கிறார்.

சென்ற ஞாயிறு புது வயர் வாங்கக் கடைக்குப் போனோம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நண்பனாக நானும் கூடப் போனேன். திரும்பி வந்தால் உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்பது விநாடி தாண்டியது. வயலின் வந்தது. பாட்டு முடியும்வரை மனிதர் அசையவில்லை. அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. ஆள் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தழுதழுத்தது.

"இப்ப ஓடினது எந்தப் பெட்டிம்மா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாது. வாசிச்சது அப்பா."

அவர் எழுந்து, வயர் எதில் செருகியிருக்கிறது என்று பார்க்கப் போனார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைபேசியை எடுத்து, குழந்தை முதல் அடி எடுத்து வைத்த வீடியோவை உங்கள் தங்கை அனுப்பியபோது, ‘க்ளியரா இருக்கே, எந்த போன்?’ என்று பதில் போட்டது யார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.