ஆறங்குலத் துரு

வாகனத் தகுதிச் சான்று அலுவலகத்தின் பின்முற்றத்தில், இருபத்திரண்டு வயதான குடும்பக் கார் ஒன்று பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதன் உரிமையாளர் ஒரு தையற்காரர். வாரத்துக்கு மூன்று நாள் விடிவதற்குள் அவர் மனைவியை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்லும் கார் அது. அந்நேரத்தில் பேருந்து கிடையாது. அவரிடம் வந்த பதினோரு ஆண்டுகளில் ஒருநாளும் அது கிளம்பமாட்டேன் என்று முரண்டு பிடித்ததில்லை. ஆயினும் அன்று ஐந்து மணிக்குள் சான்று கிடைக்காவிடில், அது பழைய இரும்புக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். முன்னிருக்கைக்குக் கீழே, அடித்தகட்டில் துரு படர்ந்திருந்தது.

"ஆறு இன்ச் வரைக்கும் அனுமதி உண்டு. ஆனா ஆபீஸ் டேப்பைச் சரிபார்க்க அனுப்பியிருக்கு."

"எங்கிட்ட இருக்கு சார்" என்று தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அளந்தார். ஐந்தே முக்கால். முப்பதாண்டுத் தொழிற்பழக்கம் முந்திக்கொண்டது.

"ஆறேகால்!"

கூட வந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, துருவுக்குமா தையலுக்கு அரை இன்ச் விடுவீங்க?"

"வாய் தவறிடுச்சு சார். இன்னொரு தடவை..."

"எழுதிட்டேனே" என்றார் ஆய்வாளர், துக்கம் விசாரிக்கும் குரலில். "எழுதினதை அடிக்க மேலதிகாரி வரணும். அந்த நாற்காலி ரெண்டு வருஷமா காலி."

"வண்டி ஜோரா ஓடுது சார்!" என்றாள் மனைவி.

"ஓடுறதைக் குறிக்க படிவத்துல கட்டமே இல்லம்மா."

அவர் கல்நெஞ்சர் அல்லர். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி, ஓரிடத்தில் நின்று, உரக்க வாசித்தார்: "துரு எனப்படுவது தகட்டின்மேல் படிந்திருப்பதாகும்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, தகடே இல்லன்னா?"

"துருவும் இல்ல!" என்றார் தையற்காரர்.

ஆய்வாளரே சுத்தியல் கொண்டுவந்தார். தட்டத் தட்டத் துரு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தின் ஓரத்தில் புதுத் துரு தலைகாட்டியது. நீதி வழுவாமல் அதையும் தட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் முன்னிருக்கை முதல் பின்னிருக்கை வரை வெட்டவெளி.

"இப்ப எங்கயாவது துரு தெரியுதா?"

"ரோடுதான் தெரியுது சார்."

"அது நெடுஞ்சாலைத் துறை. நமக்குச் சம்பந்தமில்லை."

சான்று எழுதப்பட்டது. துரு: அறவே இல்லை. துரு நீக்கப்பட்ட இடம்: முழுவதும். முத்திரை பலமாக விழுந்தது.

"நான் காலை எங்கங்க வைக்கிறது?" என்றாள் மனைவி.

"சீட்டு மேல மடக்கி வெச்சுக்கோ. காலைப் பத்திச் சான்றுல ஒண்ணும் போடல" என்றார் தையற்காரர். சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

செய்தி பரவி, வரிசையில் நின்ற கார்களிலெல்லாம் டங் டங்கென்று ஓசை எழுந்தது. போன மாதம் வாங்கிய காரின் சொந்தக்காரர் மட்டும் வியர்த்து நின்றார்.

"துரு நீக்கப்பட்ட இடம் எது?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஆய்வாளர்.

"புது வண்டி சார், துருவே பிடிக்கலையே!"

"அப்ப நீக்கினதுக்கு என்ன அத்தாட்சி?"

தையற்காரர் சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது. புதுக் காரின் அருகே வேகத்தைக் குறைத்து, சான்று பெற்றவருக்கே உரிய பரிவோடு தலையை நீட்டினார்.

"மனசைத் தளர விட்டுடாதீங்க சார். நாலு மழை பேஞ்சா எல்லாம் சரியாயிடும்."