நாற்பத்தொரு அவசரக்குடுக்கைகள்

"நாற்பத்தொண்ணா!" கொரின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பத்தாம் வகுப்புக்கு உலக வரலாறு, பதினொன்றுக்கு அமெரிக்க வரலாறு, பன்னிரண்டுக்கு ஐரோப்பிய வரலாறு. கல்லூரித் தரத்தில் நடத்தும் இந்த மூன்றுக்கும் அந்த மிச்சிகன் பள்ளியில் என்றைக்கும் அதுதான் வரிசை. ஆனால் பத்தாம் வகுப்புப் பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பேர், உலக வரலாறு வேண்டாம், அமெரிக்க வரலாறு கொடுங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவசரக்குடுக்கைகள்!

மாணவர்களுக்குப் பாடம் ஒதுக்கும் பழைய ஆலோசகர் ஓய்வு பெற்றுப் போன இடத்துக்கு ஜூலையில்தான் கொரின் வந்தாள். வந்ததும் கால அட்டவணை அவள் தலையில் விழுந்தது. செப்டம்பரில் லேபர் டே விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை பள்ளி திறப்பு.

"அன்னைக்கு ஒரு பிள்ளை வகுப்பில்லாம வராந்தாவுல நின்னாலும், உங்களுக்கு இங்க வேலை இல்ல," என்று தலைமையாசிரியர் ஓல்சன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

முடியாது என்று பதில் எழுதுவதற்குள் பிரெண்டிஸ் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"என் பையனை எதுக்கு ஒரு வருஷம் பின்னால தள்றீங்க?"

"தள்ளல மேடம். அவனுக்கு உண்டான இடத்துலதான் போட்டிருக்கேன்."

"இதா அவன் இடம்? பள்ளி நிர்வாகக் குழுவுல வந்து கேக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

விட்டால் பிள்ளைகளைத் தொட்டிலிலிருந்தே கல்லூரிக்கு அனுப்புவார்கள் போலிருக்கிறது. கொரின் பயந்துபோய் நாற்பத்தொரு பேரையும் மேலே ஏற்றினாள்.

அமெரிக்க வரலாறு நிரம்பி வழிந்தது. மறுநாளே பதினொன்றாம் வகுப்பிலிருந்து முப்பது பேர் ஐரோப்பிய வரலாறு கேட்டார்கள். அங்கேயும் இடமில்லை. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து மட்டும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. தங்கமான பிள்ளைகள்!

வேறு வழியில்லாமல் ஏழாம் பீரியடில் இன்னொரு ஐரோப்பிய வரலாறு தொடங்கினாள். காலியாக அறை இல்லாததால் பேண்டு வாத்தியக்காரர்களை மைதானத்துக்குத் துரத்தினாள். வரலாற்று ஆசிரியர் டைக்ஸ்ட்ரா பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, ஏழாம் பீரியட்லதான் நான் கொஞ்சம் மூச்சு விடுவேன். அதையும் பிடுங்கிட்டியா?"

"இந்த ஒரு வருஷம் மட்டும் சார். ப்ளீஸ்."

"மூச்சை மொத்தமா விட்டுட்டுப் போறேன், அப்ப உனக்கு நிம்மதிதானே!"

அவர் போன சூட்டோடு, ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகள் உலக வரலாறு கேட்டு எழுதின. கொரினுக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல், பெயர் பெயராக நகர்த்தி, மொத்தப் பள்ளியையும் ஒரு படி மேலே தூக்கி வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கணினித் திரையில் வந்தது: அட்டவணை மோதல்கள், பூஜ்யம்.

அப்பாடா! வேலை தப்பியது. உடனே ஒரு பீட்சாவுக்குச் சொன்னாள்.

கொண்டுவந்த பெண்ணின் சட்டையில் 'டெலானி' என்று இருந்தது. திரையில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் அதே பெயர், படத்தில் அதே முகம். கொரினுக்குப் பாசம் பொங்கியது.

"நீ நம்ம ஸ்கூல் பொண்ணா? உன்னை மாதிரி புகாரே சொல்லாத பிள்ளைங்களாலதான்மா நான் பிழைச்சேன். செவ்வாய்க்கிழமை லேட்டா வராதே. உனக்கு முதல் பீரியடே ஐரோப்பிய வரலாறு."

டெலானி குனிந்து திரையைப் பார்த்தாள்.

"மிஸ், நான் மே மாசமே பன்னிரண்டு முடிச்சு வெளிய போயிட்டேனே! இதுல இன்னும் யாரையுமே அடுத்த வகுப்புக்கு மாத்தலையா?"