மாமனாரின் தேய்மானம்

"இந்தப் பெடலைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்திடலாம் சார்," என்றார் மெக்கானிக். எதைக் காட்டினாலும் இதையே சொல்பவர் என்பதால், அந்தத் தெருவில் அவருக்கு 'மாத்திடலாம்' என்பதே பெயராகிவிட்டிருந்தது.

"ஐயையோ, வேண்டாம்!" மாப்பிள்ளை அந்தக் கிளட்ச் பெடலைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பெடலின்மேல் ஒரு மரக்கட்டை வைத்து இறுக்கப்பட்டிருந்தது. கட்டையின் ஓர் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"இது சும்மா தேய்மானம் இல்லை. எங்க மாமா கால் பட்ட இடம்."

"யார் கால் பட்டிருந்தா என்ன சார்? மிதிச்சா வழுக்குது."

மாப்பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பெயர்த்துவிடும் கைராசிக்காரர். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் மாமனார் அவரிடம் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசியதில்லை. ஆனால் ஊரார் யார் வந்தாலும், "கொட்டுற மழையில மலை ஏறினோம், இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாதாளம்..." என்று தம் பழைய லாரியின் கதையைத் தொடங்கிவிடுவார், கேட்பவருக்கு உள்ளங்கை வியர்க்கும். மகள் பிறந்த கையோடு அந்த லாரி ஓட்டத்தை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் அதற்குக் கதி.

அதைச் சீர் செய்ய வேண்டும், மாமனார் ஓட்ட, தாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வர வேண்டும், இறங்கும்போது அவர் வாயால், "பரவாயில்லையே மாப்பிள்ளை!" என்று ஒரு சொல் கேட்டுவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

பெடலோடு நேரே மாமனாரிடம் போனார். "மாமா, இதை மாத்தலாமா, இப்படியே வெச்சுக்கலாமா?"

செய்தித்தாள் சற்றே இறங்கியது. மாமனாரின் கண்கள் பெடலைப் பார்த்தன. சமையலறைப் பக்கம் பார்த்தன. மறுபடியும் செய்தித்தாளுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டன.

"உங்க இஷ்டம்."

அந்த வீட்டில் 'உங்க இஷ்டம்' என்றால், 'தொட்டுப் பார், தெரியும்' என்று பொருள்.

"மனசு நொந்துட்டாரு," என்று மாப்பிள்ளை மனைவியிடம் கிசுகிசுத்தார். "அவர் உட்கார்ந்தது, பிடிச்சது, மிதிச்சது எதையும் மாத்தப் போறதில்லை."

"அப்போ எதைத்தாங்க மாத்தப் போறீங்க?"

"டயரை."

டிரைவர் இருக்கையின் கதையும் இதுவே. அது முன்னால் எவ்வளவு நகருமோ அவ்வளவு நகர்த்தி, அடியில் பலகை கொடுத்து இறுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஸ்பிரிங் அமுங்கி ஒரு குழி வேறு. உள்ளே நுழையப் பார்த்த மாத்திடலாம், கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"உங்க மாமா ஆறடி ஆளு சார். இதுல உக்காந்து காலை எங்க வெச்சாரு? வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தாரா?"

"ரோட்டைக் கிட்ட இருந்து பார்த்து ஓட்டியிருக்காரு. அதுக்குப் பேர்தான் அனுபவம்."

டீ கொண்டுவந்த மாமியார் தயங்கி நின்றார். "அந்த சீட்டையாவது மாத்திடுங்க மாப்பிள்ளை. உக்கார்றவங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"வண்டி சமாசாரம் உங்களுக்குப் புரியாது அத்தை. இது மாமாவோட சீட்டு."

மாமியார் லேசாகச் சிரித்துவிட்டுக் காலி டம்ளரோடு உள்ளே போனார்.

காட்டில் இருக்கும் ஆமை, தன் ஓட்டை மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு நாளும் யோசிப்பதில்லை. அதனால்தான் அது நெடுங்காலம் நிம்மதியாக வாழ்கிறது. மாப்பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெடல் பழையதாகவே இருக்கட்டும், உள்ளே கிளட்ச் பிளேட்டை மட்டும் புதிதாகப் போடலாம் என்று சமாதானம் ஆயிற்று. புதிய பிளேட்டின் விறைப்புக்குப் பழைய பெடல் வில்லாக வளைந்தது. வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங் வைத்த பெடல் மிதித்தால் போனது, திரும்பி வரவில்லை. ஸ்பிரிங் கட்டினார்கள். அது திரும்பி வந்த வேகத்தில் மாத்திடலாமின் முழங்கால் எலும்பைப் பதம் பார்த்தது.

"மாமாவுக்குப் பழகிடும்," என்றார் மாப்பிள்ளை.

"எனக்குப் பழகாது சார்," என்றார் மாத்திடலாம், காலைத் தடவிக்கொண்டே.

அடுத்தது ஸ்டியரிங். உள்ளே பற்கள் தேய்ந்து, பாதிச் சுற்று சும்மாவே சுழன்றது. அந்த ஆட்டமும் மாமாவுடையதே என்று தீர்ப்பாகி, வெள்ளோட்டம் விட்டார்கள். மாத்திடலாம் வலது பக்கம் திருப்பினார். லாரி அதைப் பற்றி நிதானமாக யோசித்தது. அது ஒரு முடிவுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வந்துவிட்டது. முகத்தில் பூப்போட்ட போர்வையோடு லாரி கொட்டகைக்குத் திரும்பியது.

பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஓட்டத்தான் தெரியலை, போர்வையையாவது குடுத்துட்டுப் போங்கய்யா!"

வேறு வழியில்லாமல் ஸ்டியரிங் பெட்டி மாறியது. புதிய பெட்டியில் பழைய சக்கரம் பொருந்தவில்லை. சக்கரத்தில் இரு கை பிடித்த தேய்மானம் இருந்ததால் அதை மாற்ற மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. லேத்தில் கொடுத்து நடுவே ஒரு இரும்புத் துண்டு சேர்த்தார்கள். சக்கரம் உயர்ந்து டிரைவரின் நெஞ்சருகே வந்து நின்றது. உட்காருகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை விட்டால் ஹார்ன் அடித்தது.

"இனி நான் எதையும் மாத்திடலாம்னு சொல்ல மாட்டேன் சார். என்னை மட்டும் மாத்திடுங்க," என்று கும்பிட்டார் மெக்கானிக்.

ஒருவழியாக லாரி வாசலுக்கு வந்தது. மாலை வெயிலில் பச்சை வண்ணம் பளபளத்தது. பக்கத்து வீட்டுக்காரரும் கோபத்தை மறந்து வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

மாப்பிள்ளை சாவியை இரு கைகளாலும் நீட்டினார். "எடுங்க மாமா. நீங்கதான் ஓட்டணும்."

மாமனார் சாவியைப் பார்த்தார். "இன்னைக்கேவா மாப்பிள்ளை?"

"அப்பா, உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு! ஏறுங்கப்பா," என்றாள் மகள்.

மாமனார் ஏறினார். முழங்கால்கள் சக்கரத்தின் இரு பக்கமும் மேலெழும்பி, காதுகளை எட்டிப் பார்த்தன. நெற்றி வியர்த்தது. அவர் ஒவ்வொரு முறை மூச்சு விட்டபோதும் ஹார்ன் அலறியது.

"பழைய ஞாபகம்... தாங்கலை அவருக்கு," என்று மாப்பிள்ளை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் ஒரு பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினார். மழையே இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் இங்கும் அங்கும் ஆடியது. அவர் திரும்பி, கூட்டத்துக்கு அப்பால் நின்ற மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மாமியார் ஈரக் கையைத் துடைத்தார். செருப்பை ஓரமாக விட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"நகருங்க," என்றார் கணவரிடம், மெதுவாக. "எப்பவும் போல நீங்க அந்தப் பக்கம் உக்காந்து வழி சொல்லுங்க, நான் ஓட்டுறேன்."