ஐடஹோ மேசையில் எங்கள் சாசேஜ்

கோல்டர் கிராசிங், ஐடஹோ
6 ஜூலை 1976

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசத் தெரிந்த ஒரே மனிதரான ஷிகெரு மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் ஜோன் நட்சுயே உராபே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், வெங்காயப் பயிர் நலம், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர அப்பாவும் நலம். சியாட்டிலில் அத்தையின் முதுகுவலி தேவலையா? தேவலை என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று ஹால்வர்சன் டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்பாவின் உத்தரவு. தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டேன். நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அவரிடம் இரண்டு வார்த்தை நறுக்கென்று சொல்ல வேண்டும். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கு இருநூறு வயது ஆனதற்கு ஊர்க்கூடத்தில் விருந்து வைத்தார்கள் அல்லவா, அதற்கு டீச்சர்தான் தலைவி. தேசத்துக்கு ஒரு மேசை என்பது அவர் யோசனை. ஸ்வீடன் மேசை அவருக்கு, ஜெர்மனி மேசை கறிக்கடைக்காரருக்கு. ஜப்பானுக்கு இந்த ஊரில் எங்களை விட்டால் யார்? டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம், "மேபல், உங்க ஊர் சாப்பாடு ஏதாவது செஞ்சு கொண்டாந்துடும்மா" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் ஜப்பானைப் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்ததோடு சரி. அவளுக்குத் தன் ஊர் என்றால் இந்த ஊர்தான். "அப்ப சாசேஜ் செஞ்சுடறேன் டீச்சர்" என்றாள். உங்களுக்குத் தெரியாததா மாமா, தாத்தா செய்வாரே, சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, சுடச்சுடச் சோற்றின் மேல் போட்டு, அதேதான். எனக்குப் பல் முளைத்ததே அதைத் தின்னத்தான்.

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "சாசேஜ் ஜெர்மனி மேசையில இருக்கேம்மா. நான் கேக்கறது ஜப்பான் சாப்பாடு" என்று பையிலிருந்து ஒரு பெண்கள் பத்திரிகையை எடுத்தார். அதில் டப்பா அன்னாசிப்பழத்தில் கோழியைப் போட்டு வேகவைத்து, மேலே காகிதக் குடை குத்தியிருந்தார்கள். அது எந்த நாட்டுச் சமையல் என்று அந்தக் கோழிக்கே தெரியாது. அதை அம்மா செய்ய வேண்டும், நான் கிமோனோ போட்டுக்கொண்டு பரிமாற வேண்டும். எங்கள் வீட்டில் ஏது கிமோனோ? நாடகக் குழுவிடம் அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தார். முதுகில் டிராகன். குளித்துவிட்டு வந்து போட்டுக்கொள்கிற அங்கி மாமா அது, சத்தியமாக! கழுத்துப் பட்டையில் ஏதோ ஹோட்டல் பெயர் தைத்திருந்தது.

"நம்மளால முடியாதுன்னு சொல்லிடுங்கப்பா" என்று கெஞ்சினேன். "ஒரு நாள் சமாச்சாரம்தானே? கேட்டதைக் குடுத்துட்டுப் பேசாம இரு. இவங்களோடதான் நாம காலம் தள்ளணும்" என்றார். அப்பாவின் வேதமே அதுதான்: பேசாம இரு. ஆனால் விருந்து நாளன்று காலையில் பார்த்தால் அடுப்பில் சாசேஜ் மணக்கிறது, அன்னாசி டப்பா திறக்காமல் கிடக்கிறது. "டப்பா திறக்கற சாமானைக் காணோம்டி" என்றாள். அந்தச் சாமான் அவள் ஏப்ரன் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் மேயர் மைக்கைப் பிடித்து, "இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவரும்" என்று ஆரம்பித்தார், நான் சோறு வேகவைக்கிற மின்சாரக் குக்கரைப் பிளக்கில் செருகினேன், ஃபியூஸ் போய்விட்டது. மேயர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், என்னை என்றால் டிராகனை. என் முன்னால் 'ஜப்பான்' என்று எழுதிய அட்டை. நடுவில் எங்கள் மாநிலத்துக்கென்று 'ஐடஹோ' எழுதிய பெரிய மேசை, அதில் மேயர் மனைவி சுட்ட உருளைக்கிழங்கு மட்டும் கோபுரமாக அடுக்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மேசையில் டொம்மென்று வைத்தேன். அங்கியின் கை மாட்டிக்கொண்டு கோபுரம் சரிந்து, கிழங்கெல்லாம் உருண்டு மேயர் காலடிக்குப் போய்விட்டது. அதற்கு வேண்டுமானால் வருத்தப்படுகிறேன்.

"ஜோன்! உன் மேசை அங்க இருக்கு!" என்று டீச்சர் ஓடி வந்தார்.

"இதுதான் டீச்சர் என் மேசை. இந்தச் சாப்பாடு ஜப்பான்ல பொறக்கல. ஜப்பானோட சண்டை நடந்தப்ப, ஜப்பான் வம்சம்னு எங்க ஆளுங்களைப் புடிச்சு, இதே ஐடஹோ பாலைவனத்துல முள்வேலிக்குள்ள போட்டீங்களே, அங்க பொறந்தது. அரசாங்கம் பெட்டி பெட்டியா சாசேஜ் அனுப்புச்சு, எங்க தாத்தா சமைச்சுப் போட்டாரு. உங்க உருளைக்கிழங்கு எவ்வளவு ஐடஹோவோ, இதுவும் அவ்வளவு ஐடஹோ!"

மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு சட்டி காலியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கறிக்கடைக்காரர் மறுபடி மறுபடி வந்தார். அப்பா மட்டும் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்கு வந்ததும் உத்தரவு போட்டுவிட்டார்.

டீச்சர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை மாமா. அப்பாவும் சின்னப் பையனாக அந்த வேலிக்குள் இருந்தவர்தானே? இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு வலிக்கவே வலிக்காதா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்கு வளையாத கழுத்தையும் கொடுக்கட்டும்.

மன்னிப்புக் கேட்காத, கேட்கவும் போகாத
உங்கள் மருமகள்
ஜோன்

பி.கு.: மாமா, பஸ் ஏற வேண்டாம். இன்று சாயங்காலம் அப்பா ஒரு மூட்டை வெங்காயத்தோடு, என் சார்பில் முன்கூட்டியே வருத்தம் தெரிவிக்க டீச்சர் வீட்டுக்குப் போனார். கூடப் போன அம்மாதான் வந்து சொன்னாள். டீச்சர் காப்பி கொடுத்து, "அந்தப் பழைய கதையெல்லாம் சின்னப் பொண்ணுக்கு எதுக்கு ஹென்றி? வேளாவேளைக்குச் சோறு போட்டுத்தானே வெச்சிருந்தாங்க?" என்றாராம். அப்பா கோப்பையைக் கீழே வைத்தாராம். "ஆமா டீச்சர், போட்டாங்க. அந்தச் சோத்தைத்தான் என் பொண்ணு உங்களுக்குத் திருப்பிப் போட்டா" என்றாராம். அப்புறம் நிறுத்தவே இல்லையாம். முப்பது வருடத்தையும் கொட்டிவிட்டு, தெருவே டீச்சர் வீட்டு வேலியோரம் வந்து நிற்க, வெங்காய மூட்டையையும் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அப்பாதான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஊர் சொல்கிறது, முடியாது என்று அவர் சொல்கிறார், "யாராவது ஒருத்தர் போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்று அம்மா அழுகிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நின்று நானே கேட்கப்போகிறேன். அப்பா என்னென்ன சொன்னார் என்று முதலில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னால்தானே, அதற்கு மன்னிப்புக் கேட்க முடியும்?