ஒத்துவராத அறுபத்தைந்து நிமிடங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஊரிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? இருபது வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மற்றபடி நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஏதாவது தேவையென்றால் எழுதியிருப்பாய்.

கேட்பவர் அப்பா. டாக்டர் ஒரு மாதம் கெடு சொன்னதைப் போனில் சொன்னபோது, "லீவு பாக்கறேன்க்கா, தூரம் வேற" என்றாய். அதை அப்படியே அவரிடம் ஒப்பித்தது என் தவறு. நாற்பது வருடம் நிலம் அளந்தவரிடம் தூரம் என்று சொன்னால் சும்மா இருப்பாரா? உலகப் படத்தைக் கட்டிலில் விரிக்கச் சொல்லித் தையல் நூலால் அளந்தார். நூல் சொன்னது ஒன்று, இணையம் சொன்னது வேறு. "படம் தட்டைப்பா, பூமி உருண்டை" என்றேன். "எனக்கே பாடமா?" என்று நூற்கண்டை என் மேல் எறிந்தார். சரி, தூரம் வேண்டாம் என்று விமான நேரத்தைப் படித்துக் காட்டினேன். அது பெரிய வம்பாகிவிட்டது. இங்கிருந்து அங்கே ஒன்பது மணி பத்து நிமிடம். அங்கிருந்து இங்கே எட்டு மணி ஐந்து நிமிடம். ஒரு கோட்டைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அளப்பது நிலம் அளப்பவர்கள் வழக்கம். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை. அறுபத்தைந்து நிமிடப் பிழையை நான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

பகலில் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் குறுக்கே புகுந்தாள். "போறப்ப மேடு, வர்றப்ப இறக்கமா இருக்கும்யா."

"நிலம் அளந்தவன்கிட்ட மேடு பள்ளம் பேசாதம்மா. ஊசியக் குத்திட்டுப் போ."

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது, அது இந்தப் பக்கம் வரும் விமானத்தைத் தள்ளுகிறது என்று விளக்கினேன்.

"அப்ப காத்தே தள்ளிவிடுதுங்கற. அப்பவும் வரலயா அவன்?"

உன்னை வரச்சொல்லி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் கூடவே இருக்கும் நான் ஒருத்தியே பதில் சொல்வது என்ன நியாயம்? யோசித்துப் பார். உன் மனைவிக்கும் பெண்ணுக்கும் என் அன்பு. மூவரும் நோய்நொடியின்றி இருங்கள்.

இப்படிக்கு,
பக்கத்திலேயே இருக்கும் உன் அக்கா

பி.கு.: இது மறுநாள் எழுதுவது. மேலே உன்னைக் குறைசொன்ன வரிகளையும் கையெழுத்துக்கு முன்னால் உள்ள அடைமொழியையும் அடித்துவிடு. எட்டு மணி ஐந்து நிமிடத்தை மட்டும் வைத்துக்கொள். நேற்று நான் மாடியறையில் இந்தக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தபோது அப்பா என்னை நான்கு முறை கூப்பிட்டாராம். நர்ஸ் சொன்னாள். வாரத்தில் பல நாள் அப்படித்தானாம். இன்று காலை கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "உன் ரூமுக்குப் போய்ட்டு வா" என்றார். பதினான்கு படி. போக, கதவுச் சத்தம் அவருக்குக் கேட்கும்வரை, இருபத்திரண்டு நொடி. மேலே முகம் கழுவ வேண்டியிருந்தது. திரும்பிவரப் பதினோரு நிமிடம்.

கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இறக்கம்தானேம்மா. எதிர்க்காத்தா?" என்றார்.