மோர் என்றே சொல்லுங்கள், மாமா

நியிலிங் கிராமம்,
பார்லிக் கதிர் மஞ்சளாகத் தொடங்கிய வாரம்

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு,

தங்கள் மருமகள் குன்செஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, இரண்டு பசுக்கள், சென்ற மாதம் பிறந்த கன்று, நான் ஆகிய அனைவரும் நலம். லே நகரில் தாங்களும் அத்தையும் தங்கள் சுற்றுலா நிறுவனமும் நலமாக இருக்க வேண்டும் என்று பூஜை அறையில் தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்பும்போது தினமும் வேண்டிக்கொள்கிறோம். போன வாரம் வரை முழு மனதோடு வேண்டிக்கொண்டோம். இந்த வாரம் நிறுவனத்தை மட்டும் விட்டுவிட்டு வேண்டிக்கொள்கிறோம். காரணம் கீழே.

தாங்கள் உடனடியாக ஒரு காரியம் செய்ய வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் அடுக்களையில் அப்பா குடித்தது மோர்தான், கள் அல்ல, ஆகவே எனக்கும் தங்கள் வழிகாட்டி லுண்டுப்புக்கும் எந்தப் பேச்சும் முடிவாகவில்லை என்று, தாய்மாமன் என்ற முறையில் தங்கள் கையெழுத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். அறுவடை முடிவதற்குள் அது வந்து சேர்ந்தால் நல்லது. அறுவடை முடிந்தால் ஊரில் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடும். கை ஓய்ந்தால் இவர்கள் கல்யாணம்தான் நடத்துவார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். யார் மீதும் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை, ஆனால் எல்லாம் தாங்கள் வசந்தத்தில் இங்கே வந்து நடத்திய பயிற்சி வகுப்பில்தான் தொடங்கியது. “வெளியூர்க்காரங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நம்ம ஆளுங்க மாதிரி மரியாதைக்குச் சொல்றதில்ல. கட்டாயப்படுத்தாதீங்க” என்று சொன்னீர்கள். “விருந்தாளி எதை நீட்டினாலும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கணும், அவங்க முகம் கோணக் கூடாது” என்றும் சொன்னீர்கள். அப்பா இரண்டையும் மந்திரம்போல மனப்பாடம் செய்துவிட்டார். அதே சமயத்தில், ‘மறைந்திருக்கும் பள்ளத்தாக்குகளில் ஒரு பண்பாட்டுப் பயணம்’ என்று தாங்கள் பெயர் வைத்திருக்கும் அந்த வண்டியில், லுண்டுப் விருந்தாளிகளுக்கு வேறொரு பாடம் நடத்திக்கொண்டு வந்திருக்கிறான். “இங்க எது கொடுத்தாலும் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும், மூணாவது தடவைதான் வாங்கிக்கணும். அதே மாதிரி, இந்த ஊர்க்காரர் யாராவது வேண்டாம்னா நம்பாதீங்க, விடாம ஊத்துங்க.” நல்ல பாடம்தான். ஆனால் அவர்கள் எங்களைப் போலவும் நாங்கள் அவர்களைப் போலவும் ஆகிவிட்டால் யார் சாப்பிடுவது? அம்மா நாள் முழுக்கச் செய்த ஸ்க்யூவை, மாவுத் துண்டுகளும் கறியும் முள்ளங்கியும் மிதக்கிற பானையோடு கொண்டுபோய் நீட்டினாள். எல்லோரும் அழகாகச் சிரித்து “வேண்டாம்” என்றார்கள். அம்மாவும் அழகாகச் சிரித்துப் பானையை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நின்று ஏற்ற வேண்டிய பேருந்து நிற்காமல் போவதைப் பார்ப்பதுபோல அவர்கள் அந்தப் பானையைப் பார்த்தார்கள். உள்ளே அம்மா, “என் சமையல்ல என்ன குறை?” என்று மூக்கை உறிஞ்சினாள். காலையில் கன்றுக்கு வைத்திருந்த ரொட்டியைக் காணவில்லை. கன்று ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் உல்ரிக்கே என்று ஒரு ஜெர்மன் அம்மாள். அருங்காட்சியகத்தில் போலிப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். வேலைதான் ஓய்ந்திருக்கிறது, கண் ஓயவில்லை. வெண்ணெய்த் தேநீர் கடையும் மரக்குழாயை எடுத்து மோந்து பார்த்து, “இதுல வெண்ணெய் வாசனையே இல்லையே” என்றார். எப்படி இருக்கும்? ஓடையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து அப்பா தேநீரை மிக்ஸியில்தான் கடைகிறார். தங்கள் உத்தரவுப்படி மிக்ஸியைக் கம்பளத்துக்கு அடியில் ஒளித்துவைத்து, வயரைப் பிடுங்க மறந்துவிட்டார். உல்ரிக்கே அம்மாள் சரியாக அதன் சுவிட்சின் மேல் உட்கார்ந்தார். அடுக்களையே அதிர்ந்தது. அம்மாள் எழுந்தபோது லுண்டுப் கொஞ்சமும் அசராமல், “இது எங்க பள்ளத்தாக்கோட குரல், அம்மா. எப்பவாவதுதான் கேக்கும்” என்றான். அம்மாள் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். அதன்பிறகு பக்கத்து வீட்டு அங்மோ அத்தை கம்பளி நூற்றுக் காட்டியபோது, பட்டு அங்கிக்கு உள்ளே விளையாட்டுச் சட்டையின் ஜிப் தெரிந்தது. அதையும் அம்மாள் பார்த்தார். கடைசியில் முற்றத்தில் நின்று லுண்டுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“வந்த நாளா பாக்கறேன், எல்லாம் நாடகம். இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு நிஜமா காட்டு, போதும்.”

இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பெண் கேக்கற சடங்கு காட்டறேன்” என்றான். அப்பாவிடம் வந்து கேட்டான். அப்பாவுக்கு ஒரே குஷி. “நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானே? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. இவளுக்கு வந்த எல்லா வரனுக்கும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்?”

மறுக்கவே முடியாத உண்மை, மாமா.

லுண்டுப்புக்கும் எச்சரிக்கை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. “ஊர் வாய் பொல்லாதது பெரியவரே. மாப்பிள்ளை பேர்ல ஊத்தற கள்ளை மூணு கிண்ணம் குடிச்சா சம்பந்தம் முடிஞ்சதுன்னுடுவாங்க. பானையில மோர் ஊத்திடலாம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் மோர்ப் பானையிலிருந்து தானே மோரை ஊற்றி, சடங்குப் பானையின் கழுத்தில் முறைப்படி வெண்ணெய் தடவி, அடுப்பருகே வைத்துவிட்டு, விருந்தாளிகளை வரிசைப்படுத்த வெளியே போனான். அப்பா தொப்பி தேடப் போனார். அம்மா மாட்டைப் பார்க்கப் போனாள். பானைக்கு நான் ஒருத்திதான் காவல் இருந்தேன். ஆகவே அது மோர்தான் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சடங்கு தொடங்கியது. அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “எங்க வீட்டுல கொடுக்கறதுக்குப் பொண்ணே இல்ல. பக்கத்து ஊர்ல பாருங்க, போங்க” என்று பிரமாதமாக ஆரம்பித்தார். இப்போது மாப்பிள்ளையாக நடிக்கும் லுண்டுப் பதில் சொல்ல வேண்டும். பாறையைப் பார்த்தால் பாறையைப் பற்றி, பறவையைப் பார்த்தால் பறவையைப் பற்றி, ஒன்றும் இல்லாத இடத்தில் அங்கே முன்பு என்ன இருந்தது என்பதைப் பற்றிப் பேசுகிறவன், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றான். அப்பா கண்ணைக் காட்டினார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்த உல்ரிக்கே அம்மாள் எழுந்து வந்து, அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, தானே ஊற்றி, அப்பாவின் வாய் அருகே கொண்டுபோனார்.

“வேண்டாம்” என்றார் அப்பா.

“மரியாதைக்குச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்” என்று அம்மாள் ஏதோ அவர் மொழியில் சொன்னதை, லுண்டுப் பழக்கதோஷத்தில் மொழிபெயர்த்தான். அந்த வாய் அதற்கு மட்டும் திறந்தது!

“நிஜமாவே வேண்டாம்மா.”

“ரெண்டு தடவை ஆச்சு. இப்ப குடிக்கணும்.”

அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். விருந்தாளியின் முகம் கோணப்போகிறதா என்று பார்த்தார். தங்கள் வகுப்பு அவர் கண்ணுக்குள் ஓடுவது எனக்கே தெரிந்தது. குடித்தார். அம்மாள் மறுபடி நிரப்பினார். அப்பா மறுபடி குடித்தார். மூன்றாவது கிண்ணத்துக்கு அம்மாள் வற்புறுத்தவேயில்லை, அப்பாவே நீட்டினார். யாரோ வெள்ளைத் துண்டை அவர் கழுத்தில் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், ஈஸ்ட் கடன் வாங்க வந்த அங்மோ அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“அடப்பாவிகளா, முடிச்சிட்டீங்களா! பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? ஏண்டி குன்செஸ், இதுக்குத்தான் காலையில தலைக்குக் குளிச்சியா?”

நான் தலைக்குக் குளித்தது வேறு காரணத்துக்காக. அப்பா அதன்பிறகு பாடினார். மோர் குடித்தவர் ஏன் பாடினார் என்று ஊரில் கேட்கிறார்கள். வெயில் காரணமாக இருக்கலாம்.

அன்றிலிருந்து என் நிலைமையைக் கேளுங்கள். அங்மோ அத்தை கல்யாணத்துக்கு அணியும் நீலக்கல் தலையணியை வெளியே எடுத்து ஒவ்வொரு கல்லாகத் துடைக்கிறாள். மாவு அரைக்கும் இடத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து மோரா, கள்ளா என்று சண்டை போடுகிறது. கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து லுண்டுப்பின் அம்மா ஒரு கூடை ஆப்ரிகாட் அனுப்பிவிட்டாள். எங்கள் உயரத்தில் அது விளையாது என்பதும், அப்பாவுக்கு அது என்றால் உயிர் என்பதும் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? திருப்பி அனுப்பலாம் என்று நான் கயிறு தேடி வருவதற்குள் அப்பா கொட்டைகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தார். “கொட்டையைத் திருப்பி அனுப்பு” என்றார். லுண்டுப்போ வீடு வீடாகப் போய், “மோர்தான், என் கையாலதான் ஊத்தினேன், அந்தப் பொண்ணு பேரைக் கெடுக்காதீங்க” என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டத்தோடு கணவாயைத் தாண்டிப் போய்விட்டான். குடித்த அப்பாவையே கேட்டுவிடலாம் என்றால், அவர் தெளிவாக இருக்கிறார். “மோர்னா, நான் மோர் குடிச்சிட்டுப் பாடினவன் ஆயிடுவேன். கள்ளுன்னா, பொண்ணைக் கொடுத்தவன் ஆயிடுவேன். ரெண்டும் நான் சொல்ல மாட்டேன். உன் மாமன் சொல்லட்டும், அதுக்கு மேல இந்த ஊர்ல பேச்சு கிடையாது.”

இந்தப் பயணத்தையே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வழிகாட்டியை மாற்றுங்கள். இவன் ஆற்றோரப் பாறையை ஒரு வருஷம் அரக்கியின் முழங்கால் என்கிறான், மறு வருஷம் அவளுடைய பல் என்கிறான். தங்கள் நிறுவனத்துக் குதிரையில், மருந்துப் பெட்டி என்று சொல்லி, சொந்தமாகப் புத்தகச் சுமை ஏற்றி வருகிறான். மூன்று கோடையாக இது நடக்கிறது. எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறான். நான் கேட்டேனா? அதுவும் தானே முதலில் வாசித்துவிட்டு, நல்ல பக்கங்களில் மூலையை மடித்து வைக்கிறான். எனக்கு எது நல்ல பக்கம் என்று சொல்ல இவன் யார்? (அவை நல்ல பக்கங்கள்தான். அது வேறு விஷயம்.)

உல்ரிக்கே அம்மாள் கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில் எழுதியதையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: “மலைகள் அருமை. பெண் கேட்கும் காட்சி மட்டும் அப்பட்டமான நடிப்பு. மாப்பிள்ளையாக வந்தவருக்கு வசனமே தெரியவில்லை. பெண்ணாக இருந்தவளுக்கு அடுப்பைத் தவிர எதிலும் அக்கறை இல்லை.” போலியைக் கண்டுபிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் சொல்கிறார், மாமா. இதைவிட வேறு ஆதாரம் எதற்கு? மோர் என்று எழுதுங்கள்.

அத்தையின் மூட்டு வலி தீரவும், தங்கள் வண்டிகளின் சக்கரங்கள் எந்தக் கணவாயிலும் சறுக்காமல் இருக்கவும், மலைமேல் இருக்கிற தெய்வங்கள் எல்லோரும் தங்கள் பக்கம் பார்த்தே உட்கார்ந்திருக்கவும் வேண்டிக்கொண்டு, இங்கிருக்கும் எல்லோருடைய வணக்கங்களும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
குன்செஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அப்பா, அம்மா, அங்மோ அத்தை மூவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டேன். “நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்க” என்றார் அப்பா. இனி எழுதுவதை வாசித்துக் காட்டப் போவதில்லை. மாமா, அது கள். லுண்டுப் வெளியே போனதும் மோரைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, நம் வீட்டுக் கள்ளை நான்தான் பானையில் நிரப்பினேன். போன வருஷத்துப் பார்லி, நன்றாகப் புளித்தது. இது அவருக்கும் தெரியாது. முன்பின் தெரியாதவர்களுக்கு மலை முழுவதையும் விளக்குகிறவருக்கு, மூன்று கோடையாக எங்கள் ஜன்னலில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை. அவரையும் அப்பாவையும் நம்பிக் காத்திருந்தால் நான் அந்த ஜன்னலிலேயே கிழவியாகிவிடுவேன். ஆகையால் மோர் என்று எழுத வேண்டாம், கள் என்றே எழுதுங்கள். வழிகாட்டியை மாற்ற வேண்டாம். உல்ரிக்கே அம்மாளுக்கு ஒரு வரி எழுத முடிந்தால், இந்தப் பயணத்தில் அவர் பார்த்த நிஜம் அது ஒன்றுதான் என்று சொல்லுங்கள், பாவம். ஆனால் எதையும் எழுதுவதற்கு முன்னால், லுண்டுப்பைத் தனியாக அழைத்து, சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு தடவை வேண்டாம் என்றால் மரியாதைக்குச் சொல்கிறார், விடாதீர்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால், அது மோர்தான்.